மழை கழியட்டும், தையில் வீடு பாருங்கள்

கேள்வி: நான் ராயபுரத்தில் வசிக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியை. காலையில் சேர்ந்து நடக்கும் நாங்கள் பத்துப் பேர் 75,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறோம். எங்கள் பகுதியில் உள்ள பெண்கள் காப்பகத்தில் ஒரு தாயும் மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகளும் எட்டு மாதமாக இருக்கிறார்கள். மகன் ஒன்பதாம் வகுப்பு. வளர்ந்த பையன் என்பதால் அவனை அங்கே சேர்க்கவில்லை, சிறுவர் காப்பகத்தில் இருக்கிறான். கணவர் பாரிமுனையில் மீன்பாடி வண்டி (சரக்கு ஏற்றும் மூன்று சக்கர வண்டி) ஓட்டுகிறார், இரவில் அந்த வண்டியிலேயே படுத்துக்கொள்கிறார். அந்த அம்மா கோயில் வாசலில் பூ விற்கிறார். அடைமழைக்கு முன் ஒரு வீடு பார்த்து நான்கு பேரையும் சேர்த்துவிட வேண்டும் என்று ஆசை. ஆனால் இரண்டு வருடத்துக்கு முன் வேறொரு குடும்பத்துக்கு 4,000 ரூபாய் வாடகையில் வீடு பிடித்து, 40,000 அட்வான்ஸ் கட்டினோம். ஏழாவது மாத முடிவில் காலி செய்துவிட்டுப் பழைய நடைபாதைக்கே போய்விட்டார்கள். வீட்டுக்காரர் திருப்பிக் கொடுத்த 13,000-த்தையும் அவர்களே செலவழித்துவிட்டார்கள். 'இவங்களுக்கு வீடு ஒத்து வராது' என்கிறார்கள் எங்கள் குழுவில் சிலர். இந்தக் கணவர் குடிக்கிறார் என்பதையும் சொல்லிக் காட்டுகிறார்கள். நாங்கள் எங்கே தவறினோம்? வீட்டு வசதி வாரியத்தில் எழுதிக் கேட்கலாமா? (பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

பதில்:

அன்புள்ள டீச்சர்,

உங்கள் கடிதத்தில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது அந்த 13,000 ரூபாய்தான். அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். 40,000-த்தில் வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டது 27,000. காலி செய்யும்போது வெள்ளையடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடிப்பது சென்னை வழக்கம், அது 4,000. கரண்ட் பாக்கி, தண்ணீர்ப் பாக்கி என்று ஒரு 3,000 வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் 20,000, அதாவது ஐந்து மாத வாடகை. அப்படியென்றால் அவர்கள் கையிலிருந்து வாடகை போனது முதல் இரண்டு மாதம்தான். மூன்றாவது மாதத்திலிருந்து அட்வான்ஸில் கழிந்துகொண்டே வந்திருக்கிறது. என் ஊகம்தான், ஆனால் இந்தக் கணக்கை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். உங்களுக்குச் சேதி தெரிந்ததோ ஏழாவது மாதம். இடையில் யாராவது போய்ப் பார்த்ததாகக் கடிதத்தில் இல்லை. குறையாகச் சொல்லவில்லை. சாவியைக் கையில் கொடுத்து, பால் காய்ச்சி, ஒரு போட்டோ எடுத்துக்கொண்டால் வேலை முடிந்தது என்று நானும் நினைத்த காலம் உண்டு.

உங்கள் குழுவில் சிலர் சொன்னார்களே, வீடு ஒத்து வராது என்று. வீடு நன்றாகவே ஒத்து வரும். மாதம் என்ற கணக்குத்தான் ஒத்து வருவதில்லை. தெருவில் பிழைக்கிறவர்களுக்குக் காசு நாளாக வருகிறது, நாளாகவே போகிறது. முப்பது நாள் ஒரு தொகையைத் தொடாமல் வைத்திருந்து ஐந்தாம் தேதி எடுத்துக் கொடுப்பது நமக்குச் சம்பளம் கற்றுக்கொடுத்த பழக்கம். அவர்களுக்கு அதைக் கற்றுக்கொடுக்க எதுவும் இருந்ததில்லை. பூட்டி வைக்கப் பெட்டி கூட இருந்ததில்லை.

அப்புறம் தண்டல், அதாவது தினம் தினம் திருப்பிக் கட்டும் வட்டிக் கடன். முந்தைய குடும்பத்துக்குத் தண்டல் இருந்ததா என்று யாராவது கேட்டீர்களா? 10,000 ரூபாய் தண்டல் என்றால் கையில் வருவது 8,500 அல்லது 9,000. நாளைக்கு நூறு ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். தண்டல்காரர் சாயங்காலமானால் பூக்கூடைப் பக்கத்திலேயே வந்து நிற்பார். வீட்டுக்காரர் கேட்பது மாதத்துக்கு ஒரு முறை, இவர் கேட்பது தினம். அட்வான்ஸ் என்ற ஒன்று வேறு மெத்தை மாதிரி கீழே கிடக்கிறது. காசு யாருக்கு முதலில் போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, இப்போதைய குடும்பத்துக்கு வருவோம். அடைமழைக்கு முன் வீடு என்கிறீர்கள். நான் வேண்டாம் என்பேன். தையில் பாருங்கள்.

இதைக் கேட்டு உங்களுக்குக் கோபம் வரலாம். ஆனால் யோசித்துப் பாருங்கள். இப்போது ஆவணி. புரட்டாசியில் குடிபோனால், வாடகை கட்டப் பழக வேண்டிய முதல் மூன்று மாதமும் ஐப்பசி கார்த்திகை மழையில் போய் மாட்டும். மழையில் பூ விற்காது, மீன்பாடி வண்டிக்கு லோடு இருக்காது. முதல் மாதமே அட்வான்ஸில் கை வைத்தாகிவிடும். தையில் போனால் முகூர்த்த மாதங்கள், வெயில் மாதங்கள் எல்லாம் முன்னால் இருக்கின்றன. மறுபடி மழை வரும்போது அவர்களுக்கு எட்டு மாதப் பழக்கம் கையில் இருக்கும். மார்கழியில் யாரும் வீடு மாறாததால் தை பிறந்ததும் டு-லெட் போர்டுகள் தானாகவே தொங்கும். இன்னொரு லாபமும் உண்டு. கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, புளியந்தோப்புப் பக்கம் குறைந்த வாடகைக்குக் கிடைப்பது பெரும்பாலும் தரைத்தளம். மழை முடிந்த கையோடு போனால் எவ்வளவு தண்ணீர் ஏறியது என்பதைச் சுவரே காட்டும். புது பெயின்ட் அடித்திருந்தால் பக்கத்து வீட்டுச் சுவரைப் பாருங்கள். 2015 டிசம்பரில் எவ்வளவு, 2023 மிக்ஜாம் புயலுக்கு எவ்வளவு என்று எதிர்வீட்டுப் பாட்டியைக் கேளுங்கள், முழங்காலா இடுப்பா என்று கை வைத்தே காட்டிவிடுவார்.

தாயும் மகளும் மழையைக் காப்பகத்திலேயே கழிக்கட்டும், பையனும் இருக்கும் இடத்தில் இருக்கட்டும். பிரிந்திருப்பது கொடுமைதான். ஆனால் ஒரு முறை சேர்ந்து, குடியிருந்து, மறுபடி பிரிந்து வருவது அதைவிடக் கொடுமை. அதுவும் அந்தப் பையனின் வயதில். நகரங்களில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், நாள் முழுக்க, வருடம் முழுக்கத் திறந்திருக்க வேண்டும் என்று 2010-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் இவ்வளவாவது வந்தது. ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று, சிறுவருக்கு ஒன்று என்று கட்டினோமே தவிர, குடும்பமாக இருக்க இடங்கள் இன்னும் குறைவு. இந்தக் குடும்பம் மூன்று துண்டாகக் கிடப்பதற்கு அவர்கள் காரணமில்லை.

இந்த நான்கரை மாதமும் சும்மா காத்திருக்கும் காலம் இல்லை. முதல் வேலை, பதினைந்து நாள் வரவு செலவை எழுத வையுங்கள். பெரிய நோட்டுப் புத்தகம் எதுவும் வேண்டாம். நான் ஒரு பூக்கார அம்மாவோடு உட்கார்ந்தபோது தினசரிக் காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில்தான் எழுதினோம். அவருக்கு எழுதத் தெரியாது, மகள் எழுதினாள். திங்கள்: பூ மிச்சம் 280, அப்பா கொடுத்தது 300, தண்டல் 100, டீ 60. செவ்வாய், கிருத்திகை: பூ 410, அப்பா 250, தண்டல் 100, டீ 60, தங்கச்சிக்குப் பேனா 10. புதன், மழை: பூ 60, அப்பா இல்லை, தண்டல் பாக்கி, டீ 60. இப்படிப் பதினைந்து தாள். கடைசி நாள் எல்லாவற்றையும் தரையில் பரப்பியபோது அந்த அம்மா, "டீக்கே இவ்ளோவா போச்சு" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நான் அன்று செய்த தப்பு, "ரெண்டு டீயா குறைச்சுக்கலாமே" என்றது. பகல் சாப்பாட்டை டீயால் தள்ளிப்போடுகிறவர்களுக்கு அது சாப்பாட்டுக் கணக்கு. மறுநாளிலிருந்து தாளில் டீயே வரவில்லை. டீ நின்றதாக நினைத்துவிடாதீர்கள், எழுதுவதுதான் நின்றது. ஆகவே தாளைப் பார்த்து எதுவும் சொல்லாதீர்கள். அவர்களே பார்க்கட்டும்.

அந்தத் தாளிலிருந்து இரண்டு விஷயம் தெரிந்துவிடும். ஒன்று, தண்டல் எவ்வளவு. இருந்தால் உங்கள் 75,000-த்தில் முதலில் செலவழிய வேண்டியது அதை அடைப்பதற்குத்தான், வீட்டுக்கு அல்ல. இரண்டு, எந்த வாடகையைத் தாங்குவார்கள். கையில் வந்து சேரும் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாடகை போனால் நிற்காது என்பது என் அனுபவம். மாதம் 13,500 வருகிறது என்றால் 4,500-க்கு மேல் பார்க்காதீர்கள். அந்தக் காசுக்கு ஒரே ரூம், வெளியே பொதுக் கழிப்பறை, லைன் வீடுதான் கிடைக்கும். இன்னும் ஆயிரம் போட்டால் தனி பாத்ரூம் கிடைக்குமே என்று உங்கள் மனசு அடித்துக்கொள்ளும். அந்த ஆயிரத்தை மாதா மாதம் கொடுக்கப் போவது நீங்கள் இல்லை.

பிறகு ஒத்திகை வாடகை. 4,500-ஐ முப்பதால் வகுத்தால் நாளுக்கு 150. இன்றிலிருந்தே, காப்பகத்தில் இருக்கும்போதே, அந்த 150-ஐ அவர் தனியே எடுத்து வைக்க வேண்டும். உண்டியல் வேண்டாம், அவசரத்துக்கு உடையும். தெரியாத சீட்டும் வேண்டாம். வங்கியில் ஜன்தன் கணக்கு ஆரம்பித்து வாரா வாரம் போடட்டும். சரியான அடையாள அட்டை இல்லாவிட்டாலும், வங்கி அதிகாரி முன்னால் போட்டோவில் கையெழுத்தோ கைநாட்டோ வைத்துச் சிறு கணக்கு தொடங்க விதி இருக்கிறது. கவுன்டரில் இல்லை என்பார்கள், மேனேஜரைப் பாருங்கள். நீங்கள் கூடப் போனால் மேனேஜர் நாற்காலி போடுவார், டீச்சராயிற்றே. மழை நாளில் போட முடியாது, பரவாயில்லை. தைக்குள் எண்பது நாள் போட்டாலே 12,000 ஆகிவிடும். அட்வான்ஸில் அவர்கள் காசும் கலந்திருந்தால் அதைக் கழிய விடமாட்டார்கள்.

மூன்றாவது, என் பார்வையில் முக்கியமானது: நான்கு பேரில் ஒருவருக்காவது மாதச் சம்பளம். தொகை பெரிதாக இருக்க வேண்டும் என்றில்லை. நாள் கூலியில் 15,000 வருவதைவிட மாதச் சம்பளமாக 9,000 வருவது வாடகைக்குப் பலம். அந்த அம்மாவுக்கு ஆஸ்பத்திரியிலோ ஆபீஸிலோ ஹவுஸ்கீப்பிங் வேலை கிடைக்குமா பாருங்கள். 21,000 ரூபாய்க்குள் சம்பளம் என்றால் இஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீட்டுக்குப் பிடிப்பார்கள், குடும்பம் முழுக்க வைத்தியம் பார்த்துக்கொள்ளலாம். கான்ட்ராக்டர் இஎஸ்ஐ நம்பர் கொடுக்கிறாரா என்று முதல் மாதமே கேளுங்கள். அதற்காகப் பூக்கூடையை விடச் சொல்லாதீர்கள். கோயில் வாசலில் ஓரிடம் பிடிப்பதற்குள் அவருக்கு எத்தனை வருடம் ஆனதோ. பகல் ஷிப்டு வேலை, சாயங்காலம் பூ என்று அமைந்தால் நல்லது. சாதாரணப் பேருந்தில் பெண்களுக்கு 2021-லிருந்து டிக்கெட் இல்லை என்பதால் வேலை கொஞ்சம் தூரத்தில் கிடைத்தாலும் பாதகமில்லை.

கணவர் ஏன் ஆண்கள் காப்பகத்துக்குப் போகாமல் வண்டியில் படுக்கிறார் என்று கேட்டீர்களா? நான் பார்த்தவரையில் பதில் ஒன்றுதான். வண்டியை விட்டுவிட்டுப் போனால் காலையில் சக்கரம் இருக்காது. வண்டியைச் சங்கிலி போட்டுக் கட்ட ஒரு குடோன் வாசல், ஒரு வாட்ச்மேன் தயவு கிடைத்தால் மழைக்காவது உள்ளே படுப்பார். எந்தக் காப்பகத்தில் இடம் இருக்கிறது என்று மாநகராட்சியின் 1913 என்ற தொலைபேசி எண்ணில் விசாரிக்கலாம்.

காகிதங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இதெல்லாம் காப்பகப் பொறுப்பாளரே செய்து கொடுக்க வேண்டியது. காப்பகம் என்பது பாய் விரிக்க மட்டும் இல்லை, ரேஷன் கார்டு, ஆதார், பள்ளிக்கூடம் என்று இணைத்து விடுவதும் அதன் வேலை. ஆதாருக்கு எந்த ஆவணமும் இல்லாதவர்களை அறிமுகம் செய்து வைக்க அங்கீகரிக்கப்பட்ட ஆட்கள் உண்டு. வீடு இல்லாதவர் வாக்காளர் பட்டியலில் சேரும்போது படுக்கும் இடத்தையே முகவரியாகக் கொடுக்கலாம், அலுவலர் இரவில் வந்து பார்த்துவிட்டுச் சேர்க்க வேண்டும். ரேஷன் கார்டு இருந்தால்தான் 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய்க்கு வழி. பழைய கார்டு எங்காவது அடகில் கிடக்கிறதா என்றும் கேளுங்கள். சிரிக்காதீர்கள், கார்டை அடகு வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பிள்ளைகளின் பள்ளியை மட்டும் மாற்றவே வேண்டாம். சின்னவளுக்கு அங்கே காலை உணவு கிடைக்கும், பெரியவன் அடுத்த வருடம் பத்தாவது.

இனி வீடு தேடும் படலம். இதில் உங்கள் குழு கொடுக்கப் போகும் காசைவிட உங்கள் முகம்தான் பெரிய மூலதனம். ஒரு முறை ஒரு குடும்பத்தோடு நான் பதினோரு வீடு ஏறி இறங்கினேன். எல்லா வாசலிலும் ஒரே கேள்விகள். எத்தனை பேரு, என்ன வேலை, இப்ப எங்க இருக்கீங்க. காப்பகம் என்று சொன்னதும் "நாளைக்குச் சொல்றேன்மா" என்று கதவு சாத்திக்கொள்ளும். ஒருவர் ஆதார் கார்டை வாங்கி முகவரியைப் பார்த்துவிட்டு, ஓரத்தை மட்டும் விரலால் பிடித்துத் திருப்பிக் கொடுத்தார். இன்னொருவர் "நான்-வெஜ் சமைப்பீங்களா" என்றார். காசிமேட்டுக்குப் பக்கத்தில் மீன் வாசனை இல்லாத தெரு எது? அவர் கேட்டது மீனைப் பற்றி இல்லை என்பது உங்களுக்கும் தெரியும். பன்னிரண்டாவது வீடு கிடைத்தது எப்படியென்றால், அந்த அம்மா பதினாறு வருடமாகப் பூ கொடுத்த ஒரு மாமியின் சிபாரிசு. ராயபுரத்தில் உங்களிடம் படித்த பிள்ளைகளில் நான்கு பேராவது இன்றைக்கு ஹவுஸ் ஓனராக இருப்பார்கள். தேடிப் பிடியுங்கள். ஆனால் வாசலில் நிற்கும்போது அந்த அம்மாவே பேசட்டும். நீங்கள் பேசினால் வீடு உங்களுக்குக் கொடுத்ததாகிவிடும், நாளைக்கு ஒரு குழாய் ரிப்பேர் என்றாலும் ஓனர் உங்களைத்தான் கூப்பிடுவார்.

அட்வான்ஸ் விஷயத்தில், பத்து மாதம் என்பது சென்னைப் பழக்கமே தவிர சட்டம் இல்லை. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகையைத்தான் அளவாகச் சொல்கிறது. சட்டம் பேசினால் வீடு கிடைக்காது, நயமாகப் பேசினால் ஆறு மாதத்துக்கு இறங்கி வருவார்கள். ஒப்பந்தம் எழுத்தில், அந்த அம்மாவின் பெயரில் இருக்கட்டும், வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்யச் சொல்லுங்கள். பத்திரத்தில் பதினொரு மாதம் என்று எழுதி பீரோவில் வைத்துக்கொள்வது போதாது. பதிவான ஒப்பந்தம் நாளைக்கு ஆதாரில் முகவரி மாற்றவும் உதவும். கரண்டுக்கு சப்-மீட்டரில் யூனிட்டுக்கு எவ்வளவு என்பதையும் முன்னாலேயே கேட்டுவிடுங்கள். வாடகையை வாரா வாரம் வாங்கிக்கொள்வீர்களா என்று கேட்டுப் பாருங்கள், சிலர் சரி என்பார்கள், வாரம் 1,100 கொடுப்பது இவர்களுக்குச் சுலபம். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு வார்த்தை வாங்குங்கள்: ஒரு மாதம் வாடகை தவறினாலே உங்களுக்குப் போன் வர வேண்டும், அட்வான்ஸில் கழிப்பது உங்களுக்குத் தெரியாமல் நடக்கக் கூடாது. இப்படி ஒரு ஏற்பாடு இருப்பது அந்தக் குடும்பத்துக்கும் தெரிந்திருக்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் வேவு பார்ப்பதாக ஆகிவிடக் கூடாது.

பணத்தை நான் இப்படிப் பிரிப்பேன். ஆறு மாத அட்வான்ஸ் 27,000, அதில் அவர்கள் சேர்த்தது 12,000 போக நீங்கள் போடுவது 15,000. தண்டல் அடைக்க ஒரு 8,000. அடுப்பு, காஸ், பாத்திரம், பாய், இரண்டு குடம், ஒரு ஃபேன் எல்லாம் சேர்த்து 10,000. அவ்வளவுதான். மீதி 42,000 உங்களிடமே இருக்கட்டும். முதல் மூன்று மாதம் பாதி வாடகை நீங்கள் கொடுங்கள், அப்புறம் நிறுத்துங்கள். ஜூன் மாதப் பள்ளிச் செலவுக்குக் கொஞ்சம். அடுத்த ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாத முழு வாடகை. ஒரு காய்ச்சல், ஒரு பல்வலி, வண்டிக்கு ஒரு டயர். இப்படிப் போனாலும் மிஞ்சும். அது அடுத்த குடும்பத்துக்கு. எல்லாவற்றையும் முதல் நாளே கொடுத்து முடித்துவிட்டதுதான் போன முறை நடந்தது.

குடிபோன பிறகு மாதம் இரண்டு முறையாவது போங்கள். விசாரணைக்குப் போவது மாதிரி இல்லாமல், வாசலில் பூ வாங்கிக்கொண்டு அப்படியே உள்ளே எட்டிப் பார்ப்பது மாதிரி. நான் போனால் முதலில் பார்ப்பது மூட்டையை. வியாசர்பாடியில் ஒரு வீட்டில், குடிவந்து ஆறு வாரம் ஆகியும் துணி, தட்டு, பிள்ளையின் புத்தகம் எல்லாம் மூன்று சாக்கில் கட்டியபடி கதவோரம் இருந்தன. ஷெல்ப் காலி. சமைக்க வேண்டியதை மட்டும் எடுத்து, கழுவி, மறுபடி சாக்குக்குள் வைப்பார்கள். நடைபாதையில் இருக்கும்போது எந்த நேரமும் வந்து எழுப்புவார்கள், ஓட வேண்டும், அதனால் மூட்டை எப்போதும் கட்டியே இருக்க வேண்டும். அந்தப் பழக்கம் கைக்குள் இருந்தது. நான் எதுவும் சொல்லவில்லை. மூன்றாவது மாதம் போனபோது ஒரு சாக்கு மட்டும் இருந்தது, ஷெல்பில் சாமி படமும் டம்ளர்களும் ஏறியிருந்தன. மூட்டை பிரிக்கவே இல்லை என்றால் ஏதோ பயம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஓனர் சத்தம் போட்டிருக்கலாம், பக்கத்துப் போர்ஷனில் தண்ணீர்ச் சண்டையாக இருக்கலாம், பழைய கடன்காரர் இடம் கண்டுபிடித்து வந்திருக்கலாம். உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தால் வெளியே வரும்.

வாரிய வீடு பற்றிக் கேட்டிருந்தீர்கள். நீங்கள் எழுதியிருக்கும் வீட்டு வசதி வாரியம் வேறு. உங்களுக்கு வேண்டியது 1970-ல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம், 2021-லிருந்து தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர். ஆண்டு வருமானம் மூன்று லட்சத்துக்குள், நாட்டில் எங்கும் சொந்த வீடு இல்லை என்றால் அவர்களின் அடுக்குமாடித் திட்டங்களுக்கு விண்ணப்பிக்கலாம். பயனாளி பங்குத் தொகை என்று ஒன்று கட்ட வேண்டியிருக்கும். எழுதிப் போடுங்கள், ரசீது வாங்கி வையுங்கள், ஆனால் அதை நம்பி உட்காராதீர்கள். ஆற்றோரம், கால்வாய் ஓரம் என்று அகற்றப்படும் இடங்களில் கணக்கெடுக்கப்பட்டவர்களுக்குத்தான் பெரும்பாலும் முதலில் போகிறது. கிடைத்தாலும் எங்கே கிடைக்கிறது என்று பார்க்க வேண்டும். கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் எல்லாம் பாரிமுனையிலிருந்து ஏறக்குறைய இருபது கிலோமீட்டர், சில அதற்கும் மேல். மீன்பாடி வண்டியை அங்கிருந்து மிதித்து வர முடியாது. வீட்டைப் பூட்டிவிட்டுப் பழைய நடைபாதையில் வாரம் ஐந்து நாள் படுத்து, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்குப் போகும் குடும்பங்களை நான் அறிவேன். சொந்த வீடு ஒன்று இருந்தும் தெருவில் படுக்கிறவர்களை எந்தக் கணக்கெடுப்பில் சேர்ப்பது?

கணவரின் குடி. குடியை நிறுத்தினால்தான் வீடு என்று நிபந்தனை போடாதீர்கள். 1992-ல் நியூயார்க்கில், தெருவில் இருந்தவர்களுக்கு குடியை நிறுத்த வேண்டும் என்ற நிபந்தனை இல்லாமல் முதலில் வீட்டைக் கொடுத்து, சிகிச்சையை அப்புறம் பேசிய ஒரு முயற்சி தொடங்கியது. பெரும்பாலானவர்கள் வீட்டிலேயே நிலைத்தார்கள். 2008-லிருந்து பின்லாந்து அதையே நாட்டுக் கொள்கையாக வைத்திருக்கிறது. நம் சென்னையிலும், மனநலம் குன்றித் தெருவுக்கு வந்த பெண்களைச் சாதாரணத் தெருக்களில் வாடகை வீடு எடுத்துக் குடிவைத்து, கூடவே ஆள் போட்டுப் பார்த்துக்கொள்கிறது 'தி பான்யன்' அமைப்பு. அவர்களால் வீட்டில் வாழ முடிகிறது என்றால் சாயங்காலம் குவார்ட்டர் அடிக்கிற வண்டிக்காரரால் முடியாதா? வாடகையும் கணக்கும் மனைவி கையில் இருக்கட்டும். மனைவியை அடிக்கிறாரா என்பதை மட்டும் அந்த அம்மாவிடம் தனியாகக் கேளுங்கள். ஆமாம் என்றால் என் யோசனை எல்லாம் மாறும். அப்போது நால்வருக்குமான வீடு வேண்டாம், எனக்கு மறுபடி எழுதுங்கள், அவசரம் என்றால் பெண்கள் உதவி எண் 181-க்குப் போன் செய்யச் சொல்லுங்கள். அப்படி ஒன்றும் இல்லையென்றால், அவராக விடப் பார்க்கும் நாளில் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையில் குடிநோய்க்குச் சிகிச்சை இருக்கிறது என்று சொல்லி வையுங்கள், போதும்.

கடைசியாக ஒன்று. எங்கே தவறினோம் என்று என்னைக் கேட்டிருக்கிறீர்கள். 13,000-த்தை வைத்துக்கொண்டு நான் ஊகித்ததைச் சொன்னேன். உண்மை தெரிந்தவர்கள் பழைய இடத்திலேயே இருப்பதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். காலை நடைக்குப் போகும் வழியாகக் கூட அது இருக்கலாம். அவர்கள் உங்களைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், நாற்பதாயிரத்தைத் தொலைத்துவிட்டோம் என்ற கூச்சம் இருக்கும். உங்களுக்கும் கொஞ்சம் மனத்தாங்கல் இருக்கும். ஒரு நாள் நின்று, ஓரமாக உட்கார்ந்து, டீ சொல்லுங்கள். பணத்தைப் பற்றிப் பேசாமல், மூன்றாவது மாதம் என்ன ஆச்சு என்று மட்டும் கேளுங்கள்.